செவலைக்கு நான் சொல்லாதது

கிளியனூரிலிருந்து தென்கிழக்கே, புதுச்சேரிச் சாலையை விட்டு விலகிச் செல்லும் மண்பாதையில், செம்மண் மேட்டின் விளிம்பில் ஒரு சிற்றூர் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு ஆடியில் அங்கே ஒரு ஜெர்மானிய இளைஞன் வந்து தங்கினான். இருபது வயது. அவனுக்குத் தமிழ் கற்பிக்கவும், ஊராரோடு பேசும்போது இடையில் நின்று மொழிபெயர்க்கவும் என்னை அமர்த்தினார்கள். முதுகலைத் தமிழ் முடித்துவிட்டு, கல்லூரி வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மாதம் 1,500 ரூபாய் என்றதும் ஒப்புக்கொண்டேன். என் ஆங்கிலம் அந்த 1,500 ரூபாய்க்குப் போதுமா என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் பகுதிக்கு வெள்ளைக்காரர் புதிதல்ல. 1968 பிப்ரவரி 28ஆம் நாள், 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கியதிலிருந்தே மொரட்டாண்டி, இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம் ஆகிய ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பழகிய முகங்கள். அப்போது அந்த மேடு வெறும் பொட்டல். மழைநீர் செம்மண்ணை அறுத்துக்கொண்டு ஓடி ஆளுயரப் பள்ளங்களாகப் பிளந்து வைத்திருந்தது. வந்தவர்கள் கரை போட்டு நீரை நிறுத்தி மரம் நட்டதும், இன்று அங்கே காடு நிற்பதும் ஊரறிந்த செய்தி. ஆனால் நான் சொல்லும் சிற்றூர் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தது. அங்கே வெள்ளைக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் கடந்து போனதுண்டு. ஊருக்குள் கொட்டகை போட்டு எவரும் குடியிருந்ததில்லை.

அவனுடைய பெயர் எவர் வாயிலும் நுழையவில்லை. வெயிலில் இரண்டே நாளில் அவன் நிறம் மாறியதைப் பார்த்து, அவனுக்குச் சோறு போட ஒப்புக்கொண்டிருந்த ஆயா 'செவலை' என்றார். செவலைக் காளை, செவலைப் பசு என்பது போல. அதுவே நிலைத்துவிட்டது. பொருள் என்ன என்று அவன் கேட்டபோது 'சிவந்த நிறமுடையவன்' என்றேன். மாட்டுக்கு வைக்கும் பெயர் என்பதைச் சொல்லவில்லை. நான் செய்த முதல் மொழிபெயர்ப்பிலேயே ஒரு விடுபடல் இருந்தது என்பதை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அவன் ஏன் வந்தான் என்பதை ஊருக்கு விளக்குவது பெரும்பாடாயிற்று. அந்நாளில் ஜெர்மனியில் இளைஞர்களுக்குக் கட்டாய இராணுவச் சேவை இருந்தது. 2011இல்தான் அதை நிறுத்தி வைத்தார்கள். மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுப்பவர்கள் அதற்கு ஈடாகச் சமூகப் பணி செய்யலாம், சிலர் அதை அயல்நாட்டில் செய்யவும் வழியிருந்தது. நான் இதையெல்லாம் விரித்துச் சொல்லி முடித்ததும் திண்ணையிலிருந்த பெரியவர் ஒருவர், "பட்டாளத்துக்குப் பயந்து ஓடியாந்துட்டான்னு சொல்லு" என்றார். ஆயா அதை ஏற்கவில்லை. அவருடைய முடிவு வேறு: "பெத்தவளுக்கும் இவனுக்கும் ஏதோ சண்ட. இல்லன்னா இந்த வயசுல எவ புள்ளைய உடுவா?" இது என்ன என்று அவன் கேட்டான். 'உன்னைத் தன் பிள்ளை மாதிரி என்கிறார்' என்று சொன்னேன். அவன் கண் கலங்கி ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டான். ஆயாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

தொண்டு செய்ய வந்தவர்களைப் பற்றிய எழுத்துகளில் அவர்கள் செய்த காரியங்கள் இருக்கும், நாள்கள் இருக்காது. அவனுடைய நாள்களை நான் அருகிலிருந்து பார்த்தேன். விடியலில் அவன் கண் விழிக்கும்போதே கொட்டகை வாசலில் நாலைந்து பிள்ளைகள் குந்தியிருப்பார்கள், அவன் பல் துலக்குவதைப் பார்ப்பதற்காக. பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு முந்திரித் தோப்புக்குப் போக வேண்டும். பிள்ளைகளும் பின்னாலேயே போவார்கள். முதல் வாரம் அவன் ஏறக்குறைய அழுதுவிட்டான். ஆயாதான் விளக்குமாற்றோடு நின்று அவர்களை விரட்டி அந்த அரைமணி நேரத் தனிமையை அவனுக்கு வாங்கிக்கொடுத்தார். காலையில் கேழ்வரகுக் கூழும் சிறுவெங்காயமும். மரக்காணத்திலிருந்து வரும் கருவாட்டின் வாடைக்கு ஒரு மாதம் மூக்கைப் பொத்தியவன், மூன்றாம் மாதத்தில் கருவாட்டுக் குழம்பு இல்லாத நாளில் முகம் வாடினான்.

அடிபம்பில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்பான். பெண்கள் இவன் குடத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள். அவன் பின்னால் நகர்த்துவான். அவர்கள் மறுபடி தள்ளுவார்கள். தனக்குச் சலுகை வேண்டாம் என்று சொல்லச் சொன்னான். சொன்னேன். "சலுகை இன்னா சலுகை, சீக்கிரமா புடிச்சிக்கினு போனான்னா நாங்க பேசிக்கினு இருப்போம்" என்றாள் ஒருத்தி. இதை மட்டும் நான் உள்ளபடியே மொழிபெயர்த்தேன். அவன் வெகுநேரம் சிரித்தான்.

அவனுக்கு மிகவும் விளங்காமல் போனது 'சாப்ட்டியா?' என்ற கேள்வி. ஒரு நாள் எண்ணிக்கொண்டே வந்து, முப்பத்தொரு முறை கேட்டுவிட்டார்கள் என்றான். தன் உணவுக்கு ஊரில் யாரோ பொறுப்பு வைத்திருப்பதாகவும், அதைச் சரிபார்ப்பதாகவும் எண்ணியிருந்தான். நான் அவனுக்குச் சிறுபாணாற்றுப்படையைச் சொன்னேன். இந்தத் திண்டிவனம், மரக்காணம் நிலந்தான் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாடு. பரிசில் தேடி நடக்கும் பாணனுக்கு எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட மீன் தருவர், வேலூரில் எயினப் பெண்கள் புளிங்கறியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும் தருவர், ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும் என்பது அந்நூல் காட்டும் வழி. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று கொள்வார்கள். நீ நடக்கும் தடத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சோறு போடுகிறார்கள் என்றேன், வகுப்பெடுக்கும் தோரணையில். அவன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். பிறகு கேட்டான்: "அந்தப் பாணன் பாடுவான். நான் என்ன செய்கிறேன்?"

அது அவனை உண்மையாகவே அரித்த கேள்வி. எங்கள் ஊருக்கு வருவதற்கு முன் நான்கு மாதம் அவன் குமாவுன் மலையில், கௌசானிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருந்தான். அந்த நாள்களைப் பற்றி மத்தியான வேளைகளில் பேசுவான். பதினோரு மணிக்குமேல் நாலு மணிவரை வெயிலில் எந்த வேலையும் நடக்காது, வேப்பமர நிழலில் ஊரே கிடக்கும்; அவனுடைய நாளில் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. மலையில் பெண்கள் விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போய்ப் புல்லும் விறகும் சுமந்து செங்குத்தான பாதையில் ஏறி வருவார்களாம். இவன் ஒரு நாள் அதில் பாதிச் சுமையைத் தூக்கிப் பாதி வழியில் சரித்துவிட்டான். அறுபது வயதுப் பெண் ஒருத்தி வந்து சரிந்ததையும் சேர்த்துக் கட்டி எடுத்துப் போனாள். குளிர் தாளாமல் இருமிக் கிடந்தபோது அடுப்பங்கரை ஓரத்தில், அந்த வீட்டில் இருந்த ஒரே சூடான இடத்தில், இவனுக்குப் படுக்கை போட்டார்கள். வீட்டுக்காரர்கள் குளிரில் படுத்தார்கள். "மலையில் நான் நோயாளி, இங்கே நான் விருந்தாளி" என்றான். "பனி விலகும் காலையில் தூரத்தில் வெள்ளைச் சிகரங்கள் தெரியும். அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். சுமையைச் சரித்ததை எழுதவில்லை."

சரளா பென் என்ற பெயரை முதன்முதலில் அவன் வாயிலாகத்தான் கேட்டேன். பின்னர் நானே தேடிப் படித்தேன். 1901இல் இலண்டனில் பிறந்த கேதரின் மேரி ஹைல்மன். 1932இல் இந்தியாவுக்கு வந்து, காந்தியின் சேவாகிராமத்தில் பணியாற்றினார். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் உடலைத் தின்றதால் காந்தியின் யோசனைப்படி 1941இல் குமாவுன் மலைக்குப் போனார். 1942 இயக்கத்தின்போது சிறை சென்றவர்களின் குடும்பங்களைத் தேடி மலையூர்களில் நடந்தார், தாமும் சிறை சென்றார். 1946இல் கௌசானியில் மலைப் பெண்பிள்ளைகளுக்காக இலட்சுமி ஆசிரமத்தைத் தொடங்கினார். பின்னாளில் சிப்கோ இயக்கத்தில் நின்றவர்கள் பலருக்கு அவர் முன்னோடி. 1982இல் அந்த மலையிலேயே காலமானார். இவை எல்லாவற்றையும்விட என்னைத் தைத்தது வேறொன்று. தம் வாழ்க்கை வரலாற்றை அவர் இந்தியில் எழுதினார். அவருக்கும் அந்த மலைப் பெண்களுக்கும் இடையில் என்னைப் போல் ஒருவன் நிற்கவில்லை.

செவலையின் தமிழ் அவ்வளவு தூரம் வரவில்லை. அதில் என் குற்றமும் உண்டு. நான் அவனுக்கு எழுத்தும் இலக்கணமும் கற்பித்தேன். ஊர்ப் பேச்சைத் திருத்தினேன். 'வந்துக்கினு' என்று அவன் சொன்னால் 'வந்துகொண்டு' என்பேன். ஊரில் எவரும் பேசாத தமிழை அவன் பேசினான், ஊர் பேசும் தமிழ் அவனுக்குப் புரியவில்லை. ஒருமுறை புத்துப்பட்டு ஐயனார் கோவில் காட்டுக்குப் போயிருந்தோம். இந்தக் கடற்கரையின் பழைய உலர் பசுமைக்காட்டில் மிஞ்சிய துண்டுகளில் அது ஒன்று. நீலப்பூ மொய்த்திருந்த ஒரு குறுமரத்தைக் காட்டிப் பெயர் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. உடன் வந்த ஆயா, "காசா. இது தெரியாதா?" என்றார். அதுதான் காயா என்பது பின்னர் தெரிந்தது. மாயோன் நிறத்துக்கு உவமையாகப் பாட்டுப்பாட்டாக நான் படித்துத் தேர்வெழுதிய மலர். மரத்தை அன்றுதான் பார்த்தேன்.

இனி, சொல்லவந்ததைச் சொல்ல வேண்டும்.

ஊருக்குக் கிழக்கே ஓர் ஓடைப் புறம்போக்கு உண்டு. மழைக்காலத்தில் செம்மண் கரைந்து அதன் வழியாகக் கழுவெளிக்குப் போகும். அதில் குறுக்குக் கரைகள் போட்டு, அவன் சார்ந்திருந்த சிறு குழுவின் உதவியோடு ஆயிரம் கன்றுகள் நடுவதென்பது திட்டம். மூன்றாண்டுக்கு ஆடு மாடு நுழையாமல் முள்வேலி. அந்தப் புரட்டாசியில் ஒரு மாலை மந்தைவெளியில் ஊர் கூடியது. அவன் பேசினான், நான் மொழிபெயர்த்தேன். ஆண்கள் தலையசைத்தார்கள், கரை போடுவதில் கூலி வரும். பின்வரிசையிலிருந்து ஆயா எழுந்தார். அவர் பேசியது இது:

"நல்ல காரியந்தான் தம்பி. மரம் வெச்சா மழ வரும்னு சொல்ற, வரட்டும். ஆனா இந்த ஓட ஒண்ணுதான் பொறம்போக்கு. மித்ததெல்லாம் பட்டா. முந்திரித் தோப்புல ஆட்ட உட்டா கால ஒடிப்பான். முழுசா வேலி போட்டுட்டா நான் ஆட்ட எங்க ஓட்டுவேன்? மூணு வருசம் ஆடு பட்டினி கெடக்குமா? மேக்கால பாதிய எங்களுக்கு உடு, கெழக்கால பாதில மரம் வை. அது ஆளுயரம் வந்தப்புறம் மாத்திக்கலாம்."

எனக்குப் 'புறம்போக்கு' என்பதற்கு ஆங்கிலம் தெரியவில்லை. 'பட்டா' என்பதற்கும் தெரியவில்லை. நாற்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பேருந்துக்கு இன்னும் அரைமணிதான் இருந்தது. அதோடு, எழுதப்படிக்கத் தெரியாத கிழவி திட்டத்தைத் திருத்துவதா என்ற எண்ணமும் என்னுள் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. 'மரம் நடுவது நல்லது என்கிறார், ஆடுகளைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படுகிறார்' என்று சொன்னேன். அவன் ஆயாவைப் பார்த்துப் புன்னகைத்து, வேலி வலுவாக இருக்கும், ஆடுகளுக்குக் காயம் படாதபடி போடுவோம் என்றான். நான் ஆயாவிடம் திரும்பி, "பாத்துக்கலாம்னு சொல்றாரு ஆயா" என்றேன்.

ஐப்பசியில் நட்டார்கள். பகல் முழுவதும் அவனும் மண் சுமந்தான். இந்தச் சுமையைச் சரிக்கவில்லை. கையெல்லாம் கொப்புளம். உசிலையும் மகிழும் காசாவும் பூவரசும் நட்டு, கருவேல முள் வெட்டி முழு ஓடைக்கும் வேலி போட்டார்கள். கார்த்திகையில் அவனுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தான். ஆயா நொய்க்கஞ்சி காய்ச்சிப் புகட்டினார். நான் இரண்டு நாள் எட்டிப் பார்த்ததோடு சரி. 2002 நாடெங்கும் பருவமழை பொய்த்த ஆண்டு. தை பிறந்ததும் மேய்ச்சல் அற்றுப்போயிற்று. ஆயாவிடம் ஏழு ஆடுகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் ஆடு என்பது பெண்களின் கையிருப்பு. பேத்தியின் விடுதிக் கட்டணம், தீபாவளி, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் ஆட்டின் காலில்தான் நிற்கும். தையில் நான்கு ஆடுகளை அவர் வந்த விலைக்கு விற்றார். எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் நான் இணைத்துப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை.

பங்குனியில் ஒரு நாள் காலையில் பார்த்தால் வேலியின் மேற்குப்புறம் திறந்து கிடந்தது. அறுநூறு கன்றுகளுக்குமேல் நுனி இல்லாமல் குச்சியாக நின்றன. ஊரின் ஆடுகள் எல்லாம் இரவே உள்ளே போயிருந்தன. அவன் கரைமேல் உட்கார்ந்துவிட்டான். கோபப்படவில்லை. "ஒப்புக்கொண்டார்களே. யாரும் மறுக்கவில்லையே. ஏன்?" என்று என்னிடம் கேட்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கிராமத்தார் அப்படித்தான்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை எழுதவே இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

வைகாசிக் கடைசியில் அவன் புறப்பட்டான். 'போகிறேன்' என்று சொல்லக் கூடாது என நான் கற்பித்திருந்ததால் ஒவ்வொரு வாசலிலும் நின்று 'போய்ட்டு வரேன்' என்றான். ஆயா வறுத்த மல்லாட்டை ஒரு பை நிறையக் கொடுத்தார்.

எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது, திருமணமாயிற்று, அந்த ஊர்ப்பக்கம் போவதே நின்றது. 2014இல் கிளியனூர் அகத்தீசுவரர் கோவிலில், மாணவர்களுக்குக் கல்வெட்டு காட்டப் போயிருந்தபோது, பிராகாரத்தில் ஆயாவைப் பார்த்தேன். கண் மங்கியிருந்தது, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். செவலையைப் பற்றிக் கேட்டார். பிறகு தாமாகவே சொன்னார்:

"பாத்துக்கலாம்னு சொன்னவன் முழுசா வேலி போட்டுட்டான் பாரு. சரி, படிச்ச புள்ள, ஏதோ கணக்கு வெச்சிருப்பான்னு உட்டுட்டேன். பங்குனில தாங்கல. வேலியப் பிரிச்சது நாந்தான். அன்னிக்கு ராத்திரி கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். நல்லாத்தான் சாப்ட்டான்."

நான் சொன்னது தவறு, அவனுக்கு உங்கள் பேச்சு போய்ச் சேரவே இல்லை ஆயா என்று அந்தப் பிராகாரத்திலேயே நின்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தெரிந்தே அவன் அப்படிச் செய்தான் என்று பன்னிரண்டு ஆண்டு நம்பியிருக்கிறார். அப்படி நம்பிக்கொண்டே அவனுக்குக் கஞ்சி புகட்டியிருக்கிறார். என்னைத் திட்டுவார் என எதிர்பார்த்தேன். "அப்ப அவன் மேல தப்பில்ல" என்றார். பிறகு, "கண்டா சொல்லு. பாதிய உட்டிருந்தா மித்த பாதிக்கு நானே காவ காத்திருப்பேன்னு சொல்லு" என்றார்.

ஆயா 2017இல் இறந்தார். 2021 டிசம்பரில் கழுவெளியைத் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த செய்தியை எங்கோ படித்துவிட்டு, அவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இப்போது அவன் ஒரு பள்ளியில் ஆசிரியன். ஆயா நலமா, மரம் ஏதேனும் பிழைத்ததா என்று கேட்டிருந்தான். ஆயா இல்லை, சில மரங்கள் இருக்கின்றன என்று மூன்று வரியில் பதில் எழுதினேன். ஆயாவின் செய்தியை எழுதவில்லை. அதைச் சொன்னால் முந்தியதையும் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் மறுபடி எழுதியிருக்கிறான். மகளை அழைத்துக்கொண்டு தை மாதம் வருகிறானாம். ஓடையைக் காட்ட வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் எண்ணிப் பார்த்தேன். கிழக்குப் பாதியில் நாற்பத்திரண்டு மரங்கள். பெரும்பாலும் உசிலை, இரண்டு மகிழ், கரையோரம் புதராக ஒரு காசா. மேற்குப் பாதியில் ஒன்றுமில்லை, புல்தான். பெண்ணொருத்தி அதில் ஆடுகளை விட்டுவிட்டு உசிலை நிழலில் உட்கார்ந்திருந்தாள். "சாப்ட்டியா சார்?" என்றாள்.

இரவு வீட்டுக்கு வந்து கடிதத்தைத் தொடங்கினேன். புறம்போக்குக்கும் பட்டாவுக்கும் ஆங்கிலச் சொற்களை அகராதியில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன். மந்தைவெளியில் ஆயா பேசியதை முதல் சொல்லிலிருந்து, ஒன்றும் விடாமல், மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'மேக்கால பாதிய எங்களுக்கு உடு' என்ற இடம்வரை வந்திருக்கிறேன்.